ஈய எழுத்து அச்சகம்

உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா? இருந்தால் எடுங்கள். பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடு தட்டுப்படுகிறதா? அப்படியானால் அது ஈய எழுத்தில் அச்சடித்தது.

ஒவ்வோர் எழுத்தும் ஒரு சின்ன உலோகத் துண்டு. உயரம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் உருக்கிச் சேர்த்து வார்ப்பார்கள். கண்ணாடியில் தெரிவது போல எழுத்து திரும்பி இருக்கும். மை தடவித் தாளில் அழுத்தினால் நேராக விழும். இந்தத் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்குபவர்தான் கம்பாசிட்டர். நாம் நேராக வாசிக்கக் கற்றோம். அவர் தலைகீழாகவும் வாசிப்பார்.

தமிழுக்கு நிறையத் துண்டுகள் வேண்டும். 'கை' என்பதற்கு இரண்டு துண்டு. 'கு' என்பதற்கு ஒரே துண்டு. 'கூ'வுக்கு வேறு துண்டு. முன்பு லை, ணை, றா, னா போன்ற 13 எழுத்துகளுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது. அச்சுக் கோப்பவருக்கும் வேலை குறைந்தது. படிக்க வந்தவருக்கும் பாரம் குறைந்தது.

சரி, பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன அறை பிடித்து நீங்கள் பிரஸ் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில்தான் அல்சூர். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் பேசும் மக்கள். ஒருவர் கன்னடத்தில் பில் புத்தகம் கேட்பார். ஒருவர் தமிழில் பத்திரிகை கேட்பார். எல்லா மொழிக்கும் ஈய எழுத்து வாங்கினால் முதல் முழுகிவிடும். எழுத்து வார்ப்பவர்களும் இப்போது மிகக் குறைவு. கம்ப்யூட்டரில் எழுதி, பிளாக் செய்துகொண்டால் போதும். பிளாக்கையும் இதே மெஷினில் பூட்டி அடிக்கலாம்.

ஆப்செட் வந்த பிறகு புத்தகம், நோட்டீஸ் எல்லாம் அங்கே போய்விட்டன. அதற்காக மிதி மெஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். பில் புத்தகத்துக்கு வரிசை எண் போடலாம். கிழிப்பதற்குத் துளைக்கோடு போடலாம். அட்டையை மடிப்புக் கோடு போடவும், வடிவமாக வெட்டவும் செய்யலாம். தடித்த தாளில் அழுந்தப் பதிந்த விசிட்டிங் கார்டு, பத்திரிகை கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் நல்ல விலை தருவார்கள்.

ஆனால் கணக்கு வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 10 பில் புத்தகம் அடிக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் 100 தாள். விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். தாள் 600 ரூபாய். மை, மண்ணெண்ணெய், துணி 50 ரூபாய். பைண்டிங் 150 ரூபாய். மொத்தம் 800. வந்தவர் 1,500 ரூபாய் தருகிறார். 700 ரூபாய் லாபம் என்று மனம் மகிழ்கிறது.

ஒரு நாள் முழுக்க நீங்கள் நின்று மிதித்தீர்களே! அந்தக் கூலி 600 எங்கே? அன்றைய வாடகை, கரண்ட் 200 எங்கே? சேர்த்துப் பாருங்கள். செலவு 1,600. நஷ்டம் 100 ரூபாய்.

இது புதுக் கவலை அல்ல. 1713இல் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. தாளை விழுங்கின. அங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்தார்கள்.

இன்னொரு செலவு உடம்பில் விழும். ஈயம் நஞ்சு. விரலில் ஒட்டிய தூள் சோற்றோடு வயிற்றுக்குள் போகும். வயிற்றுவலி, ரத்தசோகை, கை கால் தளர்ச்சி வரும். குழந்தையின் மூளையைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் அதன் பக்கம் போகவே கூடாது. எழுத்து இருக்கும் அறையில் டீ குடிக்காதீர்கள், பீடி பிடிக்காதீர்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய எழுத்தை வீட்டில் உருக்கவே வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வாழைப்பழம் தின்றால் ஈயம் போய்விடும் என்று பிரஸ்களில் ஒரு பேச்சு உண்டு. பழம் நல்லதுதான். ஈயம் அதனால் போகாது.

மெஷினிலும் கவனம் வேண்டும். தாள் கோணலாக விழுந்தால் விடுங்கள். ஒரு தாள் போகட்டும். அதை எடுக்கக் கை நீட்டினால் விரல் நசுங்கும். முந்தானையை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

அச்சடித்து முடிந்ததா? வேலை முடியவில்லை. எழுத்துகளைக் கழுவி, பிரித்து, அதனதன் அறையில் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் 'ண' இருக்கும் அறையில் 'ன' விழுந்துவிட்டால், அடுத்த பத்திரிகையில் திருமணம் 'திருமனம்' ஆகிவிடும்.