பழைய காரும் புதிய பிளக்கும்

சென்ற இதழில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் கார்ப்பரேற்றரைக் கழற்றித் துப்புரவு செய்யும் முறையைப் பார்த்தோம். அதைப் படித்த சில குடும்பத்தினர் வேறொரு முறைப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். "புதுப் பிளக் வாங்கிப் போட்டால் ஒரு கிழமை நிற்குதில்லை. இப்ப வாற சாமான் எல்லாம் கூடாது. அந்த நாளையில் போட்ட பிளக் வருடக்கணக்காய் நின்றது" என்பதே அது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களை வைத்து ஹயர் ஓடியும், சந்தைக்கு மரக்கறி ஏற்றியும் சீவியம் நடத்துவோர் இதையே இன்னும் உரத்துச் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியுள்ள ஒரு குடும்பத்திற்கு வீணாக வாங்கும் ஒவ்வொரு பிளக்கும் விதை வெங்காயத்திற்குப் போகவேண்டிய காசு அல்லவா?

இக்கார்களின் வயதை முதலில் நினைத்துப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40 சமர்செற் 1952 தொடக்கம் 1954 வரையும், மொரிஸ் மைனர் 1948 தொடக்கம் 1971 வரையும், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60 1961 தொடக்கம் 1969 வரையும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அங்கே இவற்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து வைப்பார்கள். யாழ்ப்பாணத்திலோ இவை உழைத்த வண்டிகள். 1990 களில் எரிபொருட் தடை இருந்த காலத்தில், கார்ப்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 1995 ஐப்பசி 30 இல் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு வெளியேறியபோது முதியோரையும் நோயாளரையும் சுமந்தவற்றுள் இக்கார்களும் அடங்கும். குறைந்த அமுக்க விகிதம் உடைய எஞ்சின்கள் என்பதாலேயே அவை மண்ணெண்ணெயைத் தாக்குப் பிடித்தன. இன்றைய கார் எதுவும் அதைத் தாங்காது.

பிளக்கின் வேலை என்ன?

கொயிலில் இருந்து வரும் உயர் மின்னழுத்தம் பிளக்கின் நடுக்கம்பி வழியே இறங்கி, நுனியிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது பொறி பிறக்கிறது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் மின்சாரத்தை வேறு வழியாற் போகவிடாமற் காக்கிறது. மின்சாரம் எப்போதும் இலகுவான வழியையே தேடும். பீங்கானின் மேல் கரி படிந்தால், அந்தக் கரியின் வழியே ஊர்ந்து போய்விடும். இடைவெளியைத் தாண்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பொறியும் இல்லாமற் போகும்.

இக்கரியை எரித்து நீக்குவதற்குப் பிளக்கின் நுனி தானே ஓரளவு சூடாக இருக்கவேண்டும். ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரை அச்சூடு இருத்தல் நல்லது. குறைந்தால் கரி பிடிக்கும். கூடினால் நுனியே தணல்போற் சிவந்து, பொறி வருமுன்னரே எரிவாயுக் கலவையைப் பற்றவைத்துவிடும். ஆகவேதான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஏற்ற "சூட்டுப் பிளக்", "குளிர்ப் பிளக்" என வகைகள் உண்டு.

முறைப்பாட்டில் உள்ள உண்மையின் முதற் பங்கு இங்கேதான் கிடக்கிறது. பழைய கார்களின் பொயின்ற், கொயில் முறை ஏறத்தாழ 20,000 வோல்ற்று மட்டுமே தரக்கூடியது. இன்றைய எலெக்ரோனிக் முறை 30,000, 40,000 வோல்ற்று வரை தருகிறது. இன்று கடையில் உள்ள பிளக்குகளிற் பெரும்பாலானவை இப்புதிய முறையை மனதிற் கொண்டே செய்யப்படுகின்றன. புதிய கார் சற்றுக் கரி பிடித்த பிளக்கிலும் பலவந்தமாகப் பொறியை எழுப்பிவிடும். பழைய கார் அதே பிளக்கில் தோற்றுவிடும். பிளக் கெட்ட சாமான் என்பதல்ல, கிழவனின் தோளில் இளைஞனின் சுமையை ஏற்றியிருக்கிறோம் என்பதே உண்மை.

புதுப் பிளக்கின் இடைவெளியை அளக்காமற் பூட்டுவதும் இத்தகையதே. இக்காலப் பிளக்குகள் பல 0.8 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் கூடிய இடைவெளியுடன் பெட்டியில் வருகின்றன. பிற்கால மைனருக்கும் ஏ60 இற்கும் வேண்டியது 0.025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.64 மில்லிமீற்றர். அளவுத் தகடு இல்லாவிட்டாலும் கவலையில்லை. இரும்பறுக்கும் கைவாளின் அலகு (ஹக்சோ பிளேட்) ஏறக்குறைய இதே தடிப்புத்தான். பல் இல்லாத முதுகுப் பக்கத்தை இடைவெளிக்குள் விட்டுப் பாருங்கள். மெல்ல உரசிக்கொண்டு போகவேண்டும். பக்கக் கம்பியை மாத்திரம் வளையுங்கள். நடுக்கம்பியை நெம்பினால் பீங்கான் வெடிக்கும்.

இலக்கம் ஒன்றே என்று ஏமாறாதீர்கள்

கடைக்காரர் "அந்தக் கொம்பனி இல்லை, இதுவும் அதே நம்பர்தான்" என்று வேறொரு குறியைத் தருவார். இதிற் பலர் காசை இழக்கிறார்கள். என்.ஜி.கே. பிளக்கில் இலக்கம் கூடக்கூடக் குளிர்ப் பிளக். சம்பியன், பொஷ் பிளக்குகளில் இலக்கம் கூடக்கூடச் சூட்டுப் பிளக். நேர் எதிர்! எனவே ஒரு குறியின் இலக்கத்தை இன்னொரு குறியில் தேடவே கூடாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே வாங்கவேண்டும்.

மரையின் நீளம் இதனிலும் முக்கியம். 14 மில்லிமீற்றர் மரையுள்ள பிளக்குகளில் அரை அங்குலக் குட்டையும் உண்டு, முக்கால் அங்குல நெட்டையும் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் இலக்கத்திற்குப் பின் வரும் எழுத்து "எச்" என்றால் குட்டை, "ஈ" என்றால் நெட்டை. தொடக்ககாலப் பக்கவால்வு எஞ்சின் உள்ள மைனருக்குக் குட்டை, பின்வந்த மைனருக்கு நெட்டை. காரின் பெயர் ஒன்றே, பிளக் வேறு. நெட்டை எஞ்சினில் குட்டையைப் போட்டால் பொறி குழிக்குள் மறைந்து, காலியான மரைகளிற் கரி இறுகும். குட்டை எஞ்சினில் நெட்டையைப் போட்டால் நீண்டு நிற்கும் மரைகள் கொதிக்கும், சில எஞ்சின்களிற் பிஸ்ரனே வந்து மோதும். ஆகவே பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பழையதே பிழையானதாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், முனை மடித்த மெல்லிய கம்பியால் எஞ்சினின் மரைத் துவாரத்தின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

"ஆர்" என்ற எழுத்து உள்ள பிளக்கினுள் வானொலி இரைச்சலைத் தடுக்கும் ஒரு தடை இருக்கும். மல்ரி மீற்றரால் மேல்முனைக்கும் நடுக்கம்பி நுனிக்கும் இடையே அளந்தால் அநேகமாக 3,000 முதல் 7,500 ஓம் வரை காட்டும். அளவு கடந்து காட்டினாலோ, எதுவும் காட்டாவிட்டாலோ உட்தடை அறுந்துவிட்டது. பழைய காருக்கு "ஆர்" இல்லாத பிளக் கிடைக்குமாயின் அதையே எடுங்கள்.

போலிச் சாமான்

முறைப்பாட்டின் அடுத்த பங்கு போலிகளைப் பற்றியது. பெயர்பெற்ற குறிகளின் பெயரில் போலிப் பிளக்குகள் உலகெங்கும் நடமாடுகின்றன; அந்நிறுவனங்களே இதுபற்றி எச்சரித்துள்ளன. போலியில் மரை கரடுமுரடாக இருக்கும், பீங்கானில் உள்ள எழுத்து மங்கி அல்லது சரிந்து நிற்கும், பக்கக் கம்பி நடுக்கம்பிக்கு நேரே நில்லாது. வளையத்தையும் (வாஷர்) பாருங்கள். நல்ல பிளக்கில் அது மரையில் பிடிபட்டு நிற்கும், இலேசிற் கழன்று விழாது. பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் வாங்கவேண்டாம். மற்றக் கடைகளின் பாதி விலைக்குப் பெயர்பெற்ற பிளக்கை ஒருவர் தந்தால், அவருடைய தயாள குணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பிளக்கைப் பற்றி யோசியுங்கள்.

எனினும் நமது அனுபவத்தில், "பிளக் கூடாது" என்று கொண்டுவரப்படுபவற்றிற் பெரும்பங்கு எஞ்சினின் குற்றத்தைத் தன் முகத்தில் காட்டும் பிளக்குகளே. பழியை அடுத்தவர்மேற் போடுவது ஆதாம் காலத்துப் பழக்கம்.

நான்கு துவாரப் பலகை

மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் ஏ40 கார், சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுவது. ஒரே போகத்தில் மூன்று முறை நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சில நாளில் ஒன்று நனைந்து கறுத்துவிடும். அவர்களிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: கறுப்பது எந்தச் சிலிண்டரின் பிளக்? ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கையும் ஒன்றாகக் கழற்றி ஒரு பேணிக்குள் போட்டுவிடுவார்கள்.

ஒரு பலகைத் துண்டில் நான்கு துவாரமிட்டு 1, 2, 3, 4 என எழுதுங்கள். கழற்றும் பிளக்கை அதனதன் துவாரத்திற் குத்தி வையுங்கள். கறுத்த பிளக்கைத் துடைத்து நன்றாக இருக்கும் இன்னொரு சிலிண்டரில் போடுங்கள். அங்கிருந்ததை இங்கே போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஓடிய பின் மீண்டும் கழற்றிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து போயிருந்தால் பிளக் குற்றவாளி. கோளாறு அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் பிளக் நிரபராதி. அவர்களுடைய காரில் அது மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றது. பிஸ்ரன் றிங் இறுகி, ஒயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை பிளக் வாங்கியிருந்தாலும் அது தீர்ந்திராது.

நுனியின் நிறமும் பேசும். உலர்ந்த கரி எனில் பெற்றோல் கூடப் போகிறது, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. ஒயில் ஈரத்துடன் கறுப்பு எனில் றிங் அல்லது வால்வின் தேய்வு. பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்துச் சிறு கொப்புளம் இட்டிருந்தால் அளவு மீறிய சூடு. மென்பழுப்பு நல்லது. ஆனால் பழைய மெக்கானிக்குகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயமற்ற பெற்றோலில் ஓடும் நல்ல பிளக் முன்னரைவிட வெளிறியே இருக்கும். பழைய பிஸ்கற் நிறத்தைத் தேடி கார்ப்பரேற்றரைத் திருப்பிப் பெற்றோலைக் கூட்டிவிட்டால் கரியை நாமே அழைப்பதாகும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இன்னொரு சோதனை. ஒயில் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். ஒயில் குறையாமல் நாளுக்கு நாள் உயர்ந்தால், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலுடன் கலக்கிறது என்று பொருள். அந்த ஒயில் தண்ணீராகி றிங்கைத் தின்னும், பின்னர் பிளக்கை நனைக்கும். எஞ்சின் நன்கு சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே இதற்கு முக்கிய காரணம். மாற்றுவதற்கு முன் பொறுத்திருக்கும் அந்தச் சில நிமிடப் பெற்றோல் நட்டமல்ல.

துப்புரவு செய்யும்போது

பீங்கானைக் கம்பித் தூரிகையால் உரசவேண்டாம். கம்பியின் உலோகம் கோடுகளாகப் பீங்கானில் ஒட்டி, கரியைப் போலவே மின்சாரத்திற்கு வழிவிடும். மண் கடதாசியும் வேண்டாம். சிறிது பெற்றோலில் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் கழுவி, வெயிலில் நன்றாக உலரவிடுங்கள். அடுப்புத் தணலிற் போட்டுச் சிவக்கச் சுடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கரி எரிவது உண்மையே, ஆனால் பீங்கானுக்கும் இரும்புக்கும் இடையிலான அடைப்பும் கெடும். அதன் பின்னர் அமுக்கம் கசியும். பெற்றோல் வைத்து வேலை செய்யும் இடத்தில் அடுப்பும் சுருட்டும் எட்ட இருக்கட்டும், பிள்ளைகளும்.

மீண்டும் பூட்டும்போது முதலில் விரலால் முழுதாகத் திருகுங்கள். வளையம் புதிதெனில் அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று, கூடினால் மூன்றில் இரண்டு சுற்று. பழைய வளையமெனில் சிறு இழுப்பே போதும்.

வெளியே பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பதை முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டாம். சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்பட்டிருக்கும்போது இடைவெளியைத் தாண்டப் பன்மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே பொறி காட்டும் பிளக் உள்ளே ஊமையாகலாம்.

ஒரே சிலிண்டர் உள்ள நீர் இறைக்கும் இயந்திரத்திற்கு மாற்றிப்போட்டுப் பார்க்கும் வழியில்லை. அதற்காக, ஒரே வகை இயந்திரம் வைத்திருக்கும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, நன்றாக வேலைசெய்வதாக உறுதிப்படுத்திய ஒரு பிளக்கை ஒயில் தடவிய கடதாசியிற் சுற்றி ஒருவர் வீட்டில் வைத்திருக்கலாம். இயந்திரம் நின்றுவிட்டால் அதைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். ஓடினால் புதுப் பிளக் வாங்குங்கள். ஓடாவிட்டால் கடைக்குப் போகவேண்டாம். கோளாறு பொயின்ற், கொண்டென்சர், கொயில் பக்கம் இருக்கலாம். அவற்றைச் சோதிக்கும் முறையை அடுத்த இதழில் பார்ப்போம். இரவல் எடுத்த பிளக்கை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.