ஜப்பான் பெட்டியும் நம் வீட்டு டிவியும்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த சூப்பர் ஃபாமிகாம் கேம் பெட்டியை டிவியில் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாட்டலாம். ஆனால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு சுவிட்சைப் போடு.

தொண்ணூறுகளில் இங்கே விற்ற மீடியா, லிட்டில் மாஸ்டர் பெட்டிகளை வாங்கி வந்த அன்றே ஆன்டெனா துளையில் செருகி விளையாட முடிந்தது. அவை நின்டெண்டோவின் முந்தைய பெட்டியான ஃபாமிகாமின் நகல்கள். இந்திய டிவிக்கு ஏற்ற மாதிரி செய்து விற்றார்கள். உன்னிடம் இருப்பதோ 1990-இல் நின்டெண்டோ ஜப்பானியருக்காக வெளியிட்ட ரகம். அந்த நாட்டு மின்சாரமும் வேறு, டிவி முறையும் வேறு. படம் வரவில்லை என்றதும் பெட்டி போய்விட்டது என்று பரணில் போடுகிறவர்கள் உண்டு. அப்படி முடிவு கட்டுவதற்கு முன் மின்சாரம், வயர், டிவி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், நம் ஊர் சாத்தான்குளத்தில் 230. பெட்டியோடு வந்த அடாப்டரை நம் பாயிண்டில் நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். கடையில் விற்கும் பின் மாற்றியை நம்பாதே. அது பின்னை மட்டுமே மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். இல்லாவிட்டால் இந்த ஊர் அடாப்டர் ஒன்றையே பயன்படுத்தலாம். நின்டெண்டோவின் அடாப்டர் தருவது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர். 9 வோல்ட் டிசியும் போதும். ஆம்பியர் குறையக் கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதே: பெட்டியில் செருகும் பின்னில் நடுப்பகுதி மைனஸ். இங்கே கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி பிளஸ். லேபிளில் உள்ள வட்டப் படத்தைப் பார். மல்டிமீட்டர் வைத்தும் சரிபார்த்துக்கொள்.

அடுத்து வயர். ஆன்டெனா வழி வேண்டாம். ஜப்பான் சேனல்களின் அலைவரிசை இங்குள்ளதோடு ஒத்துப்போகாது. பெட்டியின் பின்னால் இருக்கும் அகலமான ஏவி துளைக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட வயர் போதும். நின்டெண்டோ 64-க்கும் கேம்கியூபுக்கும் வருகிற அதே வயர்தான். உங்கள் டிவியில் மூன்று துளைக்குப் பதில் ஹெட்ஃபோன் துளை போல ஒன்றே இருந்தால், அந்த டிவி கம்பெனிக்கான ஏவி இணைப்பு வயரையே வாங்கு. கம்பெனிக்குக் கம்பெனி உள் இணைப்பு மாறும். மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பில் மாற்றிச் செருகிப் பார்.

மூன்றாவது டிவி. நம் நாட்டு முறை பால்: 625 கோடுகள், வினாடிக்கு 50 முறை. ஜப்பான் முறை என்டிஎஸ்சி: 525 கோடுகள், 60 முறை. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ, டிவி செட்டிங்கில் கலர் சிஸ்டத்தை ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி ஆக்கு. இன்றைய டிவிகளில் பல இரண்டையும் ஏற்கும்.

படம் வந்தும் மங்கலாக இருந்தால் காரணம் இது. டிவி ஒளிபரப்பில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறையும் வரும். பழைய கேம் பெட்டிகளோ ஒவ்வொரு முறையும் சுமார் 240 கோடுகள் கொண்ட முழுப் படத்தையே அனுப்பும். இதைப் பாதிப் படம் என்று எடுத்துக்கொள்ளும் புது டிவி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டப் பார்க்கிறது. ஓடும் உருவம் இழுபட்டு, பட்டன் அழுத்திய பிறகு சற்றுத் தாமதமாகக் குதிக்கும். கேம் மோடை ஆன் செய், படத்தை 4:3 அளவில் வை. தாமதம் குறையும், உருவம் அகலமாகாது. மலிவான ஏவி–எச்டிஎம்ஐ மாற்றிகளிலும் இதே குறை உண்டு. ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் கோடுகளைச் சரியாகப் புரிந்துகொண்டு பெரிதாக்கும். விலை அதிகம் என்பதால், விளையாட்டு உனக்குப் பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம். துப்பாக்கி விளையாட்டுகளுக்காக மட்டும் செலவு செய்யாதே. அவை பழைய பிக்சர் டியூப் டிவியில்தான் வேலை செய்யும்.

இனி கேசட். நம் பக்கத்து உப்புக் காற்றும் தேரிப் புழுதியும் கேசட்டின் செப்பு முனைகளைக் கெடுக்கும். வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடை. நன்றாகக் காய்ந்த பிறகு செருகு.

எல்லாம் சரியானதும் ஒரு வேலை பாக்கி. ஜப்பான் அடாப்டரின் மேல் ‘100 வோல்ட் மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவை. உனக்குப் பிறகு அதைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா