கோடை இடிக்கு முன் பாயைச் சுருட்டுங்கள்

ஹைதராபாத் ஹுசேன் சாகரில் பாய்மரப் படகு ஓட்டக் கற்கும் பிள்ளைகளில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடுமுறைப் பயிற்சி நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். கோடை இடிமழையும் அதே மாதங்களில்தான், பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. "நடு ஏரியில் இருக்கும்போது இடி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. பயிற்சியாளன் என்ற முறையில் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம் வானம். வெண்மேகம் காலிஃபிளவர் போலக் குவிந்து உயர்ந்து, உச்சியில் தட்டையாகப் பரவினால் அது இடிமேகம். அதனுள் பெய்யும் மழையில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. அதனால்தான் மழைக்கு முன்பே சூறைக்காற்று வந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன் பல நேரம் வழக்கமான காற்று நின்று, ஏரி கண்ணாடி போலாகிவிடும். பிள்ளைகள் அதை ஓய்வு நேரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் நாம் வேலை செய்ய வேண்டிய நேரம்.

ஏன் இந்த அவசரம்? காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. காற்று 60 கி.மீ. ஆனால் அழுத்தம் 16 மடங்கு! பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோதான்.

இரண்டாம் பாடம் எண்ணிக்கை. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கி.மீ. அதற்குள் நாம் கரையில் இருக்க வேண்டும். பாய்மரப் படகு நினைத்தவுடன் திரும்பாது. ஆகவே முதல் இடி காதில் விழுந்ததுமே கரையை நோக்கித் திருப்புவது எங்கள் விதி.

மூன்றாம் பாடம் படகு. உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்குங்கள். நீர் இறைக்கும் வாளி கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரை எட்டாது என்றால், படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பாய்க்கயிற்றைத் தளர்த்துங்கள். ஸ்பிரிட் என்னும் சாய்கழியைக் கழற்றினால் பாயின் மேல்பாதி மடிந்துவிடும். மீதியைப் பாய்மரத்தில் சுற்றிக் கட்டுங்கள். முன்கயிற்றை மீட்புப் படகிடம் கொடுத்து, நடுப்பலகையை மேலே தூக்கிவிட்டு, பின்பக்கமாகத் தாழ்ந்து உட்காருங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துக்குச் சரி. கோடை ஏரிக்கு, காற்றில்லாதபோதே சுருட்டிக்கொள் என்பதுதான் சரி.

படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தக் கூடாது. காற்றுப் பைகள் அதை மூழ்கவிடாது. தேடி வருபவர் கண்ணுக்குத் தனித் தலையைவிடப் படகுதான் எளிதில் தெரியும்.

கரை சேர்ந்ததும் பாய்மரத்தைக் கழற்றி, படகைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது.

இது வீண் பயமன்று. 2022 மே மாதம் கொல்கத்தா ரவீந்திர சரோவரில் துடுப்புப் படகுப் பயிற்சியின்போது கோடைச் சூறாவளி வீசிப் படகு கவிழ்ந்து, பள்ளி மாணவர் இருவர் உயிரிழந்தனர்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊரில் பிள்ளையைச் சேர்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பயிற்சி நேரம் முழுவதும் மீட்பு மோட்டார் படகு நீரில் நிற்குமா? திரும்பச் சொல்லும் பொறுப்பு யாருடையது? வெயில் அடிக்கும்போதே பாதியில் கரைக்கு அழைத்துவிட்டார்கள் என்று பிள்ளை முகம் சுளித்து வந்தால், தயவுசெய்து பிள்ளையின் பக்கம் பேசாதீர்கள். அன்றைய பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.