பின்னிய பூவை எழுதி வைப்போம்

நரசாபூர் ஆந்திர மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. கோதாவரியின் ஒரு கிளையான வசிஷ்ட கோதாவரி ஊரை ஒட்டி ஓடுகிறது. சுற்றிலும் நெல் வயல்கள், தென்னந்தோப்புகள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன ஊசி. ஊசியின் நுனியில் கொக்கி. விரலில் வெள்ளை நூல். வாய் ஊர்க்கதை பேசும். கை நிற்காது.

இந்த வேலைக்குக் குரோஷா என்று பெயர். குரோஷே என்றும் சொல்வார்கள். பிரெஞ்சு மொழியில் குரோஷே என்றால் சிறு கொக்கி. பெயரிலேயே கருவி இருக்கிறது. தறி வேண்டாம். மின்சாரம் வேண்டாம். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும். கடைகளில் இயந்திரம் போட்ட லேஸ் விற்கிறது. அது வேறு. உண்மையான குரோஷா என்றால் யாரோ ஒருவர் கையால் பின்னியது என்று அர்த்தம்.

1844ஆம் ஆண்டையொட்டி இந்தப் பகுதிக்கு ஸ்காட்லாந்திலிருந்து மெக்ரே என்ற பாதிரியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள்தான் இந்த வேலையை இங்கே சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்கிறார்கள். இன்று நரசாபூர், பாலகொல்லு சுற்றுவட்டாரத்தில் பல ஆயிரம் குடும்பங்களில் இந்த ஊசி இருக்கிறது. மேசை விரிப்பு, திரைச்சீலை, மெத்தை விரிப்பு என்று பல பொருள்கள் இங்கிருந்து வெளிநாடு போகின்றன.

யார் கண்டுபிடித்த பூ?

ஒரு பெரிய மேசை விரிப்பை எடுத்துக் கொள்வோம். அதில் நூறு பூ இருக்கலாம். நூறையும் ஒரே பெண் பின்னுவதில்லை. நூலும் மாதிரிப் பூவும் வியாபாரியிடமிருந்து ஏஜெண்டுக்கு வரும். ஏஜெண்டு வீடு வீடாகக் கொடுப்பார். சில பெண்கள் பூ மட்டும் பின்னுவார்கள். வேறு சில பெண்கள் பூக்களை ஒன்றோடு ஒன்று இணைப்பார்கள். கூலி பூக்கணக்கில் வரும். முழு விரிப்பு எப்படி இருக்கும், என்ன விலைக்குப் போகும் என்று பூ பின்னியவருக்குத் தெரியாது.

மரியா மீஸ் என்பவர் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர். அவர் இந்தப் பெண்களோடு பேசி, 1982இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்குப் பல மணி நேரம் பின்னும் பெண்களைக்கூட ஊரார் "வீட்டில் சும்மா இருக்கிறாள், பொழுதுபோக்காகப் பின்னுகிறாள்" என்றே சொன்னார்கள். பெண்களும் தங்களைத் தொழிலாளி என்று நினைக்கவில்லை. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக் கொடுப்பது எளிது. இதை மரியா மீஸ் எடுத்துக் காட்டினார்.

இப்போது ஒரு பெண்ணைக் கற்பனை செய்து கொள்வோம். பத்து வயதிலிருந்து பின்னுகிறார். வாசலில் போடும் கோலத்தை ஆந்திராவில் முக்கு என்பார்கள். ஒரு நாள் முக்குப் புள்ளிகளைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, கோடு இருக்கும் இடத்தில் சங்கிலி என்று பின்னிப் பார்த்தார். நாலு முறை பிரித்தார். ஐந்தாம் முறை நன்றாக வந்தது. அப்படி ஒரு பூ அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை.

ஏஜெண்டு பார்த்தார். "நல்லாருக்கம்மா, மாதிரிக்குக் கொடு" என்று வாங்கிப் போனார். மூன்று மாதம் போயிற்று. அடுத்த ஊர்ப் பெண்கள் அதே பூவைப் பின்னிக் கொண்டிருந்தார்கள். "எங்கே கற்றுக் கொண்டீர்கள்?" என்று கேட்டால், "ஏஜெண்டு கொடுத்த பூ" என்றார்கள்.

ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது அவர்தான். ஆனால் பூவைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் இல்லை. அது அவருடைய பூதான் என்று காட்ட அவரிடமும் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

தாளில் என்ன எழுதுவது?

பின்னலை எழுதி வைக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தில் 1840களிலேயே குரோஷா மாதிரிகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். அப்படி விற்றவர்களில் எலெனோர் ரீகோ என்ற பெண் மிகவும் பெயர் பெற்றவர்.

பின்னலில் அடிப்படை சில கண்ணிகள்தான். நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. அதையே தொடர்ந்து செய்தால் சங்கிலி. கீழே உள்ள கண்ணிக்குள் ஊசியை விட்டு, சுற்றாமல் பின்னினால் குட்டைக் கண்ணி. முதலில் ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிக் கொண்டு பின்னினால் உயரமான கண்ணி. அது தூண் போல நிற்கும். இந்தப் பாடத்தில் அதைத் தூண் என்றே சொல்வோம். உயரம் சேர்க்காமல், வெறுமனே இணைப்பதற்கு மட்டும் போடுவதை இழுகண்ணி என்போம்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்துப் புத்தகத்தில் "டபுள் குரோஷே" என்று இருந்தால் அது குட்டைக் கண்ணி. அமெரிக்கப் புத்தகத்தில் அதே "டபுள் குரோஷே" என்று இருந்தால் அது தூண்! இரண்டு நாட்டுக்கும் ஒரே மொழி, ஒரே சொல். ஆனால் துணி வேறு வேறாக வரும். அதனால்தான் எழுதும் தாளின் மேலேயே, எந்தச் சொல்லுக்கு எந்தக் கண்ணி என்று சொல்லிவிட வேண்டும். படமாகவும் வரையலாம். சங்கிலிக்கு ஒரு சிறு முட்டை வடிவம் போடுவார்கள். தூணுக்கு ஆங்கில எழுத்து 'டி' போலக் கோடு போட்டு, நடுவில் ஒரு வெட்டுக் கோடு இழுப்பார்கள். இப்படி வரைந்த படத்தை ஜப்பான்காரரும் படிப்பார், ரஷ்யரும் படிப்பார்.

கட்டம் கட்டமாக வரும் பின்னலுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். நிரப்பிய கட்டம் என்றால் அடைத்துப் பின்ன வேண்டும். வெறும் கட்டம் என்றால் இடைவெளி விட வேண்டும். மயிலோ மாங்காயோ எதை வேண்டுமானாலும் வரையலாம்.

நூலின் தடிமனையும் ஊசியின் அளவையும் எழுத வேண்டும். பின்னி முடித்த பூவின் அகலம் எத்தனை செ.மீ. என்றும் எழுத வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார், ஒருவர் தளர்வாகப் பின்னுவார். அளவு எழுதியிருந்தால்தான், தன் கை எப்படி என்று படிப்பவருக்குத் தெரியும்.

வட்டத்தின் கணக்கு

வட்டப் பூவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தூணால் பின்னினால் முதல் சுற்றில் 12 தூண் போடலாம். அடுத்த சுற்றில் 24. அதற்கடுத்து 36. சுற்றுக்கு 12 கூட வேண்டும். குட்டைக் கண்ணியால் பின்னினால் சுற்றுக்கு 6 கூட்டினால் போதும்; அதன் உயரம் குறைவு அல்லவா? தேவைக்குக் குறைவாகக் கூட்டினால் பூ கிண்ணம் போல மடியும். அதிகமாகக் கூட்டினால் அப்பளம் போல ஓரம் நெளியும். கணக்குச் சரியாக இருந்தால் தட்டையாகக் கிடக்கும். குரோஷா போடும் பெண்கள் பலருக்கு இது கையிலேயே இருக்கிறது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கையில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டு வரும்போதுதான் சிக்கல் வருகிறது. நாம் கற்பனை செய்த பெண் எழுதக் கற்றுக் கொண்டார் என்று வைத்துக் கொள்வோம். அடுத்துப் பின்னிய பூவை எழுதினார். "வளையத்தில் 3 சங்கிலி போடு. பிறகு தூண் போடு. மொத்தம் 12" என்று எழுதினார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாளை மட்டும் கொடுத்தார். பூவைக் காட்டவில்லை. அவர் பின்னிக் கொண்டு வந்தார்.

"அக்கா, எனக்கு ஓரத்தில் 13 வளைவு வந்திருக்கு. உங்களுக்கு எத்தனை?"

"பன்னிரண்டுதானே வரணும்? எங்கே, கொண்டா பார்ப்போம்."

இரண்டு பேரும் எண்ணிப் பார்த்தார்கள். முதல் சுற்றில் போடும் 3 சங்கிலியே ஒரு தூணின் உயரம். எழுதியவர் அதை ஒரு தூணாகக் கணக்கில் சேர்த்து, மேலும் 11 போட்டார். படித்தவர் சங்கிலியைச் சேர்க்காமல் 12 தூண் போட்டார். ஆக 13. அடுத்த சுற்றில் அது 26 ஆனது. அதற்கடுத்து 39. எல்லாம் சரியாகவே வகுபட்டது. அதனால் கடைசி வரை பிழை தெரியவில்லை. 12 வளைவு இருந்தால் நாலு பக்கமும் மும்மூன்றாகப் பூக்களை இணைக்கலாம். 13 வளைவை நாலாகப் பிரிக்க முடியுமா? இணைப்பு வேலை செய்பவர் இந்தப் பூவைத் திருப்பி அனுப்பிவிடுவார். கூலியும் போகும்.

தாளில் ஒரு வரி சேர்த்தார்கள்: "3 சங்கிலி ஒரு தூணுக்குச் சமம்." அதோடு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மொத்த எண்ணிக்கையை எழுதினார்கள். உலகம் முழுவதும் மாதிரி எழுதி விற்பவர்கள் இதையேதான் செய்கிறார்கள். தாளை வெளியே கொடுக்கும் முன் இரண்டு மூன்று பேரிடம் பின்னிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எழுதிய தாளும் வரைந்த படமும் எழுதியவருக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. ஆனால் சங்கிலியோ தூணோ யாருக்கும் தனிச் சொத்து அல்ல. அன்னாசிப் பழ வடிவப் பின்னல் போன்ற பழைய மாதிரிகள் எல்லோருக்கும் பொது. பழைய மாதிரியில் ஓரத்தை மட்டும் மாற்றிவிட்டு "என் கண்டுபிடிப்பு" என்று சொல்வது நியாயம் ஆகாது.

வடிவத்தையே காப்பாற்ற வேறொரு சட்டம் உண்டு. அது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். அதன்படி பதிவு செய்தால் 10 ஆண்டுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுக்கும் உரிமை கிடைக்கும். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். பதிவுக்கு மனுப் போடும் முன் வெளியே காட்டியிருக்கக் கூடாது. கட்டணமும் உண்டு. ஒரு சிறு பூவுக்கு இவ்வளவு அலைச்சல் கட்டுப்படியாகாது. நிறைய விற்கும் பொருளுக்கு யோசிக்கலாம்.

நரசாபூர் லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். வேறு ஊரில் பின்னியதை நரசாபூர் லேஸ் என்று விற்க முடியாது. ஆனால் அது ஊரின் பெயரைக் காக்கும் குறியீடு. ஒரு பெண் கண்டுபிடித்த ஒரு பூவை அது காக்காது. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேர்ந்த கை எந்தப் பூவையும் பார்த்தே பின்னிவிடும். தாள் அதைத் தடுக்காது. ஆனால் பெயரும் தேதியும் எழுதிய தாள் இருந்தால், இதை முதலில் செய்தது யார் என்று காட்டலாம். ஏஜெண்டிடம் மாதிரி கொடுக்கும்போது, "என் பூ, இன்ன தேதியில் கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளலாம். தாளையே விற்கவும் செய்யலாம். இன்று கைப்பேசியில் படம் எடுத்துத் தாளைத் தூர ஊருக்கு அனுப்புகிறார்கள். ஒரு பூவை ஒரு முறைதான் விற்க முடியும். அந்தப் பூவின் தாளை நூறு பேருக்கு விற்கலாம். வயது ஏறிக் கண் மங்கி, மெல்லிய நூல் தெரியாமல் போகும். அப்போதும் தாள் விற்கும்.

சிலர் இலவசமாகவும் கொடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்று தாளின் அடியில் எழுத வேண்டும். "இதைப் பார்த்துப் பின்னி விற்கலாம். தாளை நகல் எடுத்து விற்கக் கூடாது. என் பெயரை நீக்கக் கூடாது." இரண்டு மூன்று வரி போதும்.

ஒரு மாதிரித் தாள்

தொடக்கம்: 6 சங்கிலி. இழுகண்ணியால் இணைத்து வளையம் ஆக்கவும். 3 சங்கிலி ஒரு தூணுக்குச் சமம். ஒவ்வொரு சுற்றையும் இழுகண்ணியால் இணைத்து முடிக்கவும்.

சுற்று 1: 3 சங்கிலி. வளையத்துக்குள் 11 தூண். மொத்தம் 12.

சுற்று 2: 3 சங்கிலி. அதே இடத்தில் 1 தூண். பிறகு ஒவ்வொரு தூண் மேலும் 2 தூண். மொத்தம் 24.

சுற்று 3: 3 சங்கிலி. அடுத்த தூண் மேல் 2 தூண். அதற்கடுத்ததில் 1, பிறகு 2 என்று மாறி மாறிப் போடவும். மொத்தம் 36.

சுற்று 4: 5 சங்கிலி. 2 தூணை விட்டு, மூன்றாவதன் மேல் ஒரு குட்டைக் கண்ணி. இதுபோலவே தொடரவும். கடைசி 5 சங்கிலியைச் சுற்று தொடங்கிய இடத்தில் இணைத்து, நூலை வெட்டவும்.

சுற்று 4இல் மொத்தம் எத்தனை வளைவு? தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. பின்னிப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.