நீர்மாதிரிப் பொறிக்கு நிரல் அமைத்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வழக்கு. பானைச் சோறு முழுதும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வெந்தது. ஆகவே ஒரு பருக்கை போதும். ஓடும் கழிவுநீருக்கு இது பொருந்துமா? தில்லியில் வஜீராபாத் அணைக்குக் கீழே நஜப்கர் வடிகால் யமுனையில் கலப்பதை நண்பர் பலர் கண்டிருப்பர். மூக்கால் அறிந்தோர் இன்னும் பலர். இத்தகைய வடிகால்களில் பின்னிரவில் ஓடும் நீர் வேறு. வீடுகளில் குளியலும் துவையலும் முடிந்தபின் வரும் நீர் வேறு. காலை பத்து மணிக்கு ஒரு குப்பி முகந்து வந்தால், அது பத்து மணி நீரைப் பற்றி மட்டுமே பேசும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே, தூக்கிச் செல்லத்தக்க தானியங்கி நீர்மாதிரிப் பொறி. சிறு பீப்பாய் போன்ற உருவம். உள்ளே வட்டமாக 24 குப்பிகள், நடுவே பனிக்கட்டி. மேலே ஒரு பம்பும் கட்டளைகளை ஏற்கும் சிறு கணிப்பொறியும். ஓட்டுவதற்கு 12 வோல்ட் பாட்டரி. பம்பின் உருளைகள் நெகிழ்ந்த குழாயை அழுத்தி அழுத்தி நீரை இழுக்கின்றன. நம் குடல் உணவைத் தள்ளுவது போல என்க. பொறிக்கு நாம் கொடுக்கும் கட்டளை வரிசையே நிரல்.

நிரலில் முதல் வினா இது: பொறி எதைக் கொண்டு எண்ண வேண்டும், கடிகாரத்தையா, நீரோட்டத்தையா? இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். ஒரு கழிவுநீர்க் கால்வாயில் 12 மணி நேரம் நொடிக்கு 10 லிட்டர் ஓடுகிறது. அப்போது உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 16 மில்லிகிராம். மற்ற 12 மணி நேரம் நொடிக்கு 30 லிட்டர் ஓடுகிறது. தேவை 40 மில்லிகிராம் எனக் கொள்வோம். மணிக்கு ஒரு குப்பி எடுத்து எல்லாவற்றையும் கலந்தால் சராசரி 28. நம் நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு 30. கால்வாய் தேறிவிட்டது!

இனி நீரோட்டத்தால் எண்ணுவோம். அந்நாளில் ஓடியது மொத்தம் 1,728 கனமீட்டர். அதை 24ஆல் வகுக்க 72. ஓட்டமானி 72 கனமீட்டர் ஓடியதும் குறிப்புத் தர, பொறி ஒரு குப்பி நிரப்பும். மெல்ல ஓடும் பொழுதில் 6 குப்பிகளும் விரைந்து ஓடும் பொழுதில் 18 குப்பிகளும் நிறையும். கலந்து பார்த்தால் 34! நீரும் ஒன்றே, ஆய்வுக்கூடமும் ஒன்றே. நிரல் மாறத் தீர்ப்பும் மாறியது. ஆற்றில் சேர்ந்த அழுக்கின் மொத்தம் அறிய வேண்டுமாயின் இரண்டாவதே சரி. எந்த மணியில் அழுக்கு மிகுகிறது என்று மட்டும் அறிய, கடிகாரமே போதும். அப்போது குப்பிகளைக் கலக்காமல் தனித்தனியே ஆய வேண்டும்.

ஆனால் 72 என்று அமைத்துவிட்டு உறங்கச் சென்றவன் நான்! இரவில் மழை கொட்டியது. நள்ளிரவுக்கு முன்பே 24 குப்பிகளும் நிறைந்து பொறி ஓய்ந்துவிட்டது. குப்பிகளில் இருந்தது தெருப்புழுதியை அடித்துவந்த முதல் வெள்ளம். பின்னர் ஓடிய தெளிந்த நீர் ஒரு துளியும் இல்லை. அந்த எண்ணை வெளியிட்டிருந்தால் கால்வாயின்மேல் வீண்பழி சுமத்தியிருப்பேன்.

இதற்கு வழி, சிறு அளவாகப் பலமுறை எடுப்பது. ஒரு லிட்டர்க் குப்பியில் 250 மில்லிலிட்டராக நான்கு முறை எடுத்தால் 96 முறை எடுக்கலாம். 36 கனமீட்டருக்கு ஒருமுறை என்று அமைத்தால், வழக்கமான நாளில் 12 குப்பிகள் நிறையும். ஓட்டம் இரு மடங்கானாலும் 24 குப்பிகள் ஈடுகொடுக்கும்.

மற்றவை சிறியவை, எனினும் தவறினால் உழைப்பு வீண். குழாயின் நீளத்தைச் சரியாகக் கொடுக்காவிடில் அளவு பிழைக்கும். ஒவ்வொரு முறையும் நீரை இழுக்குமுன் காற்றை ஊதிக் குழாயைத் துப்புரவாக்கும்படி அமைக்க வேண்டும். குழாய் எங்கும் தொய்யாமல் நீரை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தொய்ந்தால் பழைய நீர் தங்கிப் புதியதுடன் கலக்கும். வடிமுனை சேற்றிலும் படக்கூடாது, நுரையிலும் மிதக்கக்கூடாது. கடிகாரத்தில் முற்பகல், பிற்பகல் மாறாமல் பார்த்துக்கொள்க. இதில் ஏமாந்தோர் பலர். பொறியை நீர்மட்டத்துக்கு மிக உயரே வைத்தல் ஆகாது. காற்றழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் வரைதான் நீரைத் தூக்கும், நடைமுறையில் அதனினும் குறைவே.

எண்ணெய்ப் பசைக்கும் நுண்ணுயிர்களுக்கும் கரைந்த ஆக்சிசனுக்கும் இப்பொறியை நம்பலாகாது. எண்ணெய் குழாயில் ஒட்டும். நுண்ணுயிர்க்குத் தூய்மையாக்கிய தனிக்குப்பி வேண்டும். ஆக்சிசனோ வழியிலேயே மாறிவிடும். அவற்றுக்கு இன்றும் கரையில் இறங்கிக் கையால் முகப்பதே முறை.