குழந்தையின்மை வேறு, ஆண்மைக்குறைவு வேறு



வீட்டுக்குள்ளும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். நிக்காஹ் முடிந்து ஒரு வருடம் ஆனதும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேட்பது மருமகளிடம், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவளைத்தான். ஆனால் குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கணவர் பக்கமும் காரணம் இருக்கிறது என்கிறது மருத்துவம்.

பிறகு ஏன் ஆண்கள் பரிசோதனைக்குப் போவதில்லை? முடிவு சரியில்லை என்றால், 'இவன் ஆம்பளையே இல்லை' என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயம்தான். இந்தப் பயம் பிறப்பது இரண்டு விஷயங்களை ஒன்றாக நினைப்பதால்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவற்றை எப்போதோ பிரித்துவிட்டன. தாம்பத்திய உறவுக்கு இயலாதவர் 'இன்னீன்'. குழந்தைப்பேறு இல்லாதவர் 'அகீம்'. இன்னீன் விஷயத்தில் மனைவி முறையிட்டால் காழி ஒரு வருடம் அவகாசம் தருவார். அதன் பிறகும் இயலாவிட்டால் நிக்காஹை முறிக்க வழியுண்டு. அகீமாக இருப்பதையோ ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் அத்தகைய குறைகளில் சேர்க்கவில்லை.

மருத்துவமும் இதையே சொல்கிறது. விந்தில் அணுக்கள் மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வரும் நீர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கு அணுக்கள் வெளிவருவதில்லை. ஆனால் தாம்பத்தியத்தில் குறையில்லை. அணு குறைந்தவரின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

எனினும் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு சிலருக்கு ஆசையே விட்டுப்போகிறது. டாக்டர் குறித்துத் தந்த நாட்களில் உறவு கடமையாகிவிடுகிறது. பதற்றத்தில் உடல் ஒத்துழைப்பதில்லை. அகீகா விருந்துக்குப் போவதைத் தவிர்க்கிறார்கள், மனைவியிடம் எரிந்து விழுகிறார்கள். இது மனபாரத்தின் விளைவு. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசினாலே பாதி இறங்கும். போதாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை:

1. ஒரு வருடம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் பரிசோதனை என்பது பொது விதி. வளைகுடாவில் இருக்கும் பிள்ளை மூன்று வருடத்தில் நான்கு மாதம்தான் ஊரில் இருந்தார் என்றால், அதைக் குறை என்று முடிவு கட்டாதீர்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பாருங்கள்.

2. விந்துப் பரிசோதனை எளியது. கணவர் முதலிலேயே செய்துகொள்ளட்டும். அணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகவே முடிவு சரியில்லை என்றால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பாருங்கள். ஒரே ரிப்போர்ட்டில் மனம் உடைய வேண்டாம்.

3. விதைப்பை நரம்பு வீக்கமான வேரிகோசீல், கிருமித் தொற்று, வயதுக்கு வந்தபின் வரும் பொன்னுக்குவீங்கி, பீடி, சிகரெட் ஆகியவை காரணமாகலாம். பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டரைப் பாருங்கள்.

4. சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள். 'ஆண்மைக்கு' என்று ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடும்.

அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்களில், பெண் மக்களைக் கொடுப்பதும் ஆண் மக்களைக் கொடுப்பதும் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும், நாடியவரைப் பிள்ளையில்லாதவராக ஆக்குவதும் தன் நாட்டமே என்கிறான் அல்லாஹ். பிள்ளை கிடைத்தவருக்கு அது பெருமையல்ல, கிடைக்காதவருக்கு இழிவுமல்ல. ஜகரிய்யா (அலை) முதுமையிலும் நம்பிக்கை இழக்காமல் துஆ கேட்டார்கள். அதையும் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அவர்கள் ரகசியமாகக் கேட்டதை நாம் கல்யாண வீட்டில் உரக்கக் கேட்கலாமா?

மாமியார்மார்களே, மச்சான்மார்களே, அந்த ஒரு கேள்வியை விட்டுவிடுங்கள். பரிசோதனைச் செலவுக்குச் சிரமப்படும் தம்பதியர் நமது டிரஸ்ட் அலுவலகத்தை அணுகலாம். விவரம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.