பாடம்: படுத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி?



மூன்று மாதத்துக்கு முன் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் அழுதுவிட்டார். "என் மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. வேளாவேளைக்குச் சோறு ஊட்டுறேன், துணி அலசுறேன். அப்படியும் முதுகுல புண்ணு வந்துடுச்சு. நான் சரியா பாக்கலைன்னு ஊரே பேசுது" என்றார். எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேர் ஒரு சிறிய முதியோர் இல்லத்துக்குப் போனோம். மொத்தம் பத்துக் கட்டில்தான். பகலில் இரண்டு பெண்கள், இரவில் ஒருவர் வேலை பார்க்கிறார்கள். மூவரும் நம்மைப் போல கிராமத்துப் பெண்களே. அவர்களிடம் கற்றதுதான் இந்தப் பாடம்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது?

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. அங்கே ரத்த ஓட்டம் நின்று புண்ணாகிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறாவிட்டால் அதுவே முதல் அடையாளம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்க வையுங்கள். அந்த இல்லத்தில் இதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. திருப்பியவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.
2. இழுத்து நகர்த்தாதீர்கள், தோல் உரியும். கீழே விரித்த துணியோடு இரண்டு பேராகத் தூக்குங்கள்.
3. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.
4. துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள்.
5. சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். புண் வந்துவிட்டால் மஞ்சள், பவுடர் எதுவும் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.

இதைக் கேட்டதும் நம்ம உறுப்பினர், "சோறு ஊட்டினேனே, திருப்பிப் போடணும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அங்கிருந்த அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இங்க வந்துதாம்மா தெரியும்" என்றார்.

சாப்பாடும் தண்ணீரும்

படுத்தபடி ஊட்டினால் புரை ஏறும். சாய்த்து உட்கார வைத்துச் சின்னக் கரண்டியால் ஊட்டுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் அப்படியே உட்காரட்டும். வயதானால் தாகம் தெரியாது. கேட்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நீர் குறைவாலோ நோய்த்தொற்றாலோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மரியாதை

அந்த இல்லத்தில் தினமும், "அம்மா, இன்னிக்கு எந்தச் சேலை கட்டிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். துணி மாற்றும்போது திரையை இழுத்து விடுகிறார்கள். உட்கார முடிந்த ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக் கொடுக்கிறார். "நான் உருவினாத்தான் இங்க குழம்பு" என்று சிரித்தார்.

சட்டம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயதானவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். சொத்தை எழுதிக் கொடுக்கும்போது "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அது உதவும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

எங்கள் தீர்மானம்

அந்த உறுப்பினர் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள், ஒருவர் மாற்றி ஒருவர் போய் இரண்டு மணி நேரம் இருக்கிறோம். அந்த நேரத்தில் அவர் தூங்குகிறார். நர்ஸ் வந்து மருந்து கட்டுகிறார். பழைய புண் இன்னும் முழுசா ஆறவில்லை. ஆனால் புதுசா ஒன்றும் வரவில்லை.

குழுவில் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார்?
2. அவரைப் பார்த்துக்கொள்பவர் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினார்?
3. நாம் வாரத்தில் எத்தனை மணி நேரம் கொடுக்க முடியும்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.